காவல் காத்த நாய்க்கு பென்ஷன் உண்டா?

விவேக் நகரில் வியாழக்கிழமை என்றால் குழந்தை ஏசு ஆலயத்துக்கு வரும் கூட்டத்தைப் பற்றிச் சொல்லத் தேவை இல்லை. ஆஸ்டின் டவுன், நீலசந்திரா, ஈஜிபுரா என்று எல்லாப் பக்கத்தில் இருந்தும் மக்கள் வருகிறார்கள். சாதி, மதம் பார்ப்பது இல்லை. கையில் மெழுகுவர்த்தி. மனதில் ஒரு வேண்டுதல்.

அப்படி ஒரு வியாழக்கிழமை மாலையில், ஆலயத்தில் இருந்து சற்றுத் தள்ளி உள்ள எங்கள் சந்தில், பூட்டிய வீட்டு வாசலில் ஒரு நாய் படுத்துக் கிடந்தது.

அதன் பெயர் மணி. வயது 12. செம்மண் நிறம். முகம் மட்டும் நரைத்துப் போய் விட்டது. இரண்டு கண்ணிலும் புரை.

அந்த வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் திருப்பத்தூர் பக்கம். பிள்ளைகள் படித்து வெளியே போய் விட்டார்கள். இனி பெங்களூரில் வாடகை கொடுத்துக்கொண்டு எதற்கு என்று ஊருக்குப் புறப்பட்டு விட்டார்.

சாமான்களை ஏற்ற லாரி வந்தது. கட்டில் ஏறியது. பீரோ ஏறியது. கிரைண்டர் ஏறியது. கடைசியில் துளசித் தொட்டியும் ஏறியது. மணி மட்டும் ஏறவில்லை.

"வயசாயிடுச்சு அண்ணே. கண்ணும் தெரியலை. லாரியில ஏத்தினா வாந்தி எடுக்கும். இங்கேயே பழகினது. நாலு வீட்டுல யாராவது சோறு போடுவாங்க" என்று என்னிடம் சொல்லி விட்டுப் போனார்.

துளசித் தொட்டிக்கு இடம் இருந்த லாரியில் மணிக்கு இடம் இல்லை.

மூன்று நாள் அது அந்த வாசலை விட்டு நகரவில்லை. சந்துக்குள் வண்டிச் சத்தம் கேட்கும்போது எல்லாம் தலையைத் தூக்கும். பிறகு மறுபடியும் தரையில் வைத்துக்கொள்ளும். போட்ட சோறு காய்ந்து போனது.

கெட்டவர் அல்ல

அவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர் கெட்டவர் அல்ல. கூட வேலை பார்த்தவர் இறந்து போனபோது வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டி அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்தவர். மணியைக் குட்டியாகத் தூக்கி வந்து, குளிர் காலத்தில் தன் பழைய சட்டையைப் போட்டு வளர்த்தவரும் அவர்தான்.

அவர் செய்ததை நம்மில் பலர் செய்கிறோம். அதுதான் உண்மை.

நாய் குட்டியாக இருக்கும்போது வீட்டில் எல்லோருக்கும் அது செல்லம். வாலிபத்தில் அது காவல்காரன். வயதாகி, நோய் வந்து, வீட்டுக்குள் மூத்திரம் போகத் தொடங்கி விட்டால் அது பாரம். ஒரு நாள் ஏரிக் கரையிலோ, மார்க்கெட்டிலோ, ஓசூர் ரோட்டில் ஏதோ ஒரு இடத்திலோ இறக்கி விட்டு வந்து விடுகிறோம். "எங்கேயாவது பிழைத்துக்கொள்ளும்" என்று நமக்கு நாமே ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம்.

பிழைத்துக்கொள்ளுமா? பிழைக்காது. தெரு நாய்களுக்கு எல்லை உண்டு. புதிதாக வரும் நாயை அவை விடுவது இல்லை. வீட்டுச் சோறு தின்று வளர்ந்த கிழட்டு நாய்க்குச் சண்டை போடத் தெரியாது. ரோட்டைக் கடக்கத் தெரியாது. குப்பையைக் கிளறத் தெரியாது. கண் தெரியாத நாய் என்றால் கேட்கவே வேண்டாம்.

தெரு நாய்கள் பெருகி விட்டன என்று எல்லோரும் புகார் செய்கிறோம். 2025-ம் ஆண்டு அந்தப் பிரச்சினை சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. ஆனால் வீட்டு நாயைக் கொண்டுபோய்த் தெருவில் விடுகிறவரும் அந்தக் கணக்கில் ஒன்றைக் கூட்டுகிறார் என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பது இல்லை.

உழைத்தவனுக்கு உரிமை இல்லையா?

இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் உழைத்துப் பிழைக்கிறவர்கள். ஆலையில், ஆபீசில், கடையில் வேலை பார்க்கிறவர்கள். சேம நல நிதி என்றால் என்ன, கிராஜுவிட்டி என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியது இல்லை. 1972-ம் ஆண்டு வந்த கிராஜுவிட்டி சட்டம், 5 ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, பார்த்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளத்தைக் கணக்குப் போட்டுக் கொடுக்கச் சொன்னது. உழைத்தவனை வெறும் கையோடு அனுப்பக் கூடாது என்பதுதான் அதன் நியாயம்.

மணி 12 ஆண்டு வேலை பார்த்தது. இரவு ஷிப்டு மட்டும் அல்ல, பகல் ஷிப்டும் பார்த்தது. வார விடுமுறை கிடையாது. பண்டிகை விடுமுறையும் கிடையாது. ஒரு முறை நள்ளிரவில் எங்கள் சந்தில் நின்ற மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக இரண்டு பேர் வந்தபோது, குரைத்து எல்லோரையும் எழுப்பியது மணிதான். வண்டி அதன் வீட்டுக்காரருடையது கூட அல்ல.

அதற்குச் சம்பளம் என்ன? மிச்சம் விழுந்த சோறு.

அந்த நாய்க்குக் கடைசிக் காலத்தில் ஒரு மூலையும், ஒரு சட்டிச் சோறும், வலிக்கு மருந்தும் கொடுப்பது தருமம் அல்ல. அது பாக்கி. நாம் கொடுக்க வேண்டிய பென்ஷன்.

ராணுவத்தில் கூட இந்தக் கேள்வி எழுந்தது. ஓய்வு பெற்ற ராணுவ நாய்கள் கருணைக் கொலை செய்யப்பட்டு வந்த செய்தி 2015-ம் ஆண்டு வெளியே வந்தபோது பலர் கொதித்துப் போனார்கள். நாட்டுக்காக வெடிகுண்டை மோப்பம் பிடித்த நாய்க்கு இதுதானா பரிசு என்று கேட்டார்கள். அதன் பிறகு அந்த வழக்கம் மாறியது. ராணுவத்துக்கே கேள்வி கேட்ட நாம், நம் வீட்டு வாசலில் என்ன செய்கிறோம்?

பெங்களூரில் ஒரு நாயின் கல்

நாய்க்கு மரியாதை செய்வது ஏதோ வெள்ளைக்காரன் பழக்கம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு.

பெங்களூர் கஸ்தூர்பா ரோட்டில் உள்ள அரசு மியூசியத்தில் ஒரு கல் இருக்கிறது. மண்டியா மாவட்டம் ஆதகூரில் இருந்து வந்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது. நமது அரக்கோணத்துக்குப் பக்கத்தில் உள்ள தக்கோலத்தில் 949-ம் ஆண்டு நடந்த போரில், சோழ இளவரசர் ராசாதித்தர் யானை மேல் இருந்தபடி உயிர் விட்டார் அல்லவா? அந்தப் போரைப் பற்றிச் சொல்லும் கல் அது. எதிர்ப் பக்கத்தில் நின்ற கங்க மன்னன் பூதுகனின் படையில் மணலேரன் என்ற வீரன் இருந்தான். அவனுடைய வீரத்தைப் பாராட்டி, என்ன வேண்டும் கேள் என்றார்கள். அவன் கேட்டது பொன் அல்ல. காளி என்ற வேட்டை நாயைக் கேட்டான்.

பிறகு அந்தக் காளி ஒரு பெரிய காட்டுப் பன்றியோடு மோதியது. பன்றியும் செத்தது. நாயும் செத்தது. காளியின் நினைவாக மணலேரன் கல் நட்டான். அந்தக் கல்லுக்காக நிலமும் விடப்பட்டது.

நம் பக்கமும் குறைந்தது அல்ல. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் பல்லவர் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. அதில் வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டு இருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்து, விழுந்து கிடந்த தலைவனைக் காத்து நின்ற நாய் அது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்தப் பெயர் அழியவில்லை.

கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தருமர் கதை தெரியும். சொர்க்கத்தின் வாசல் வரை கூட வந்த நாயை விட்டு விட்டு வா என்று இந்திரன் சொன்னபோது, நாய் இல்லாத சொர்க்கம் எனக்கு வேண்டாம் என்றவர் அவர்.

ஆனால் ஒன்றை கவனிக்க வேண்டும். கல் நட்டது எல்லாம் சண்டை போட்ட நாய்களுக்கு. மூட்டு வலியோடு, மூலையில் படுத்து, மெல்ல மெல்லச் சாகிற நாய்க்கு எந்த ஊரிலும் கல் இல்லை. அதற்குக் கல் தேவையும் இல்லை. தினமும் இரண்டு வேளை குழைந்த சோறு போதும். கல் நடுவது ஒரு நாள் வேலை. சோறு போடுவது தினசரி வேலை. அதுதான் கஷ்டம். அதனால்தான் அதில் நாம் தவறி விடுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மிருகவதை தடுப்புச் சட்டம் 1960-ம் ஆண்டு வந்தது. அதற்கு அடிப்படை போட்டவர் மதுரையில் பிறந்த ஒரு தமிழ்ப் பெண். கலாசேத்திராவை உருவாக்கிய ருக்மிணி தேவி அருண்டேல் அவர்கள்தான். மேல்-சபை உறுப்பினராக இருந்தபோது இதற்காக மசோதா கொண்டு வந்தார். 1962-ம் ஆண்டு அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே.

வீட்டுப் பிராணியை, பசியாலும் தாகத்தாலும் துன்பப்படும் நிலையில், தக்க காரணம் இல்லாமல் கைவிடுவது அந்தச் சட்டப்படி குற்றம். அபராதம் எவ்வளவு தெரியுமா? முதல் தடவை என்றால் 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய்க்கு மேற்படாமல்!

இரண்டு டீ, இரண்டு வடை சாப்பிடுகிற காசு. இந்த அபராதத்துக்குப் பயந்து யாரும் திருந்தப் போவது இல்லை. அதை உயர்த்த வேண்டியது அவசியம். ஆனால் சட்டம் உயரும் வரை நம் மனசாட்சி காத்திருக்க வேண்டுமா?

நியாயமான கேள்விகள்

"மனிதனுக்கே மருந்து வாங்கக் காசு இல்லை. இதில் நாய்க்கு வைத்தியமா?" என்று கேட்கலாம்.

நியாயமான கேள்வி. வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக மாதக் கடைசியில் கையில் என்ன மிஞ்சுகிறது என்று எனக்கும் தெரியும். குளிரூட்டிய அறையில் நாய்க்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லி நான் எழுதவில்லை.

பெங்களூரில் அரசு கால்நடை ஆஸ்பத்திரி இருக்கிறது. குயின்ஸ் ரோட்டில் ஒன்று. ஹெப்பாலில் 1958-ம் ஆண்டு தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்த டாக்டர்கள் பார்க்கிறார்கள். தனியார் கிளினிக்கை விடச் செலவு மிகவும் குறைவு. ஒரு நாள் லீவு போட வேண்டி இருக்கும். ஆட்டோக்காரர் நாயை ஏற்ற யோசிப்பார். சாக்கு விரித்து, வாடகைக்கு மேல் கொஞ்சம் சேர்த்துத் தருகிறேன் என்றால் வருவார்.

இன்னொரு வழியும் உண்டு. நாய்க்கு வயது 7 ஆனதும் ஒரு உண்டியல் வையுங்கள். தினம் 5 ரூபாய். ஆண்டுக்கு 1,825 ரூபாய் ஆகிறது. நோய் வரும்போது அந்தப் பணம் கைகொடுக்கும். நமக்கு சேம நல நிதி போல நாய்க்கு அது.

"வீட்டு ஓனர் ஒத்துக்கொள்ள மாட்டார்" என்பது அடுத்த கேள்வி. நாய் வளர்க்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கங்கள் தடை போடக் கூடாது என 2015-ம் ஆண்டில் விலங்கு நல வாரியம் அறிவித்து இருக்கிறது. ஆனால் ஓனரிடம் சட்டம் பேசினால் அடுத்த மாதம் வேறு வீடு தேட வேண்டியதுதான். எனவே சண்டை வேண்டாம். நாய் அசுத்தம் செய்த இடத்தை அவர் பார்ப்பதற்கு முன்பே நாமே கழுவி விட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்து விடும்.

"பார்த்துக்கொள்ள ஆள் எங்கே?" என்ற கேள்வியைப் பெண்கள்தான் கேட்க வேண்டும். நாயைக் கொண்டு வருவது பெரும்பாலும் ஆண்கள், பிள்ளைகள். அதன் மூத்திரத்தைத் துடைப்பது வீட்டு அம்மாள். இது நியாயம் இல்லை. நாய் என்னுடையது என்று சொல்கிறவர் துடைப்பத்தையும் கையில் எடுக்க வேண்டும்.

எதை கவனிக்க வேண்டும்?

பெரிய சாதி நாய்க்கு 7 வயதிலேயே முதுமை தொடங்கி விடும். சின்ன நாய்க்குப் பத்து வயதுக்கு மேல். அதன் பிறகு வரும் மாற்றங்களை "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டு விடக் கூடாது. வயது ஒரு நோய் அல்ல. வயதோடு வரும் நோய்களில் பலவற்றுக்கு மருந்து உண்டு.

வழக்கத்தை விட அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறதா? அடிக்கடி மூத்திரம் போகிறதா? அடிக்காதீர்கள். அது திமிர் அல்ல. சிறுநீரகக் கோளாறாக இருக்கலாம். சர்க்கரை நோயாக இருக்கலாம். மனிதனுக்கு வருவது போல நாய்க்கும் சர்க்கரை வரும். கருத்தடை செய்யாத பெண் நாய் என்றால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்து இருக்கலாம். அதற்கு ஒரு நாள் கூடத் தாமதம் செய்யக் கூடாது.

வாயில் நாற்றம் அடித்தால் பல், ஈறு கெட்டு இருக்கிறது. பசி இருந்தும் சோற்றை மோந்து பார்த்து விட்டுப் போவது இதனால்தான். பெண் நாயின் மடியில் கட்டி தென்பட்டால் உடனே காட்ட வேண்டும். இரவில் இருமல், சற்று நடந்தாலே இளைப்பு என்றால் இதயத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். காய்ச்சல், சோர்வு, ஈறு வெளுத்துப் போவது, மூக்கில் ரத்தம் என்றால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ரத்தம் பரிசோதித்தால் தெரிந்து விடும். சீக்கிரம் பார்த்தால் குணம் ஆகும்.

சில கிழ நாய்கள் நடு இரவில் காரணம் இல்லாமல் குரைக்கும். சுவரைப் பார்த்து நிற்கும். பழகிய வீட்டிலேயே வழி தெரியாமல் தடுமாறும். மனிதனுக்கு வரும் மறதி நோயைப் போன்றது அது. பேய் பிடித்து விட்டது என்று எலுமிச்சம் பழம் சுற்ற வேண்டியது இல்லை.

வெறி நோய்த் தடுப்பு ஊசியை வயதாகி விட்டது என்று நிறுத்தி விடாதீர்கள். டாக்டர் சொல்கிறபடி தொடர்ந்து போட வேண்டும். நாய் திடீரென்று குணம் மாறி, எச்சில் ஒழுக விட்டு, தண்ணீர் விழுங்க முடியாமல் தவித்தால் வாயில் கை விடக் கூடாது. பிள்ளைகளை விலக்கி விட்டு டாக்டருக்குச் சொல்ல வேண்டும். கடி பட்டு விட்டால் சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த் தூள் எதுவும் வைக்கக் கூடாது. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் இப்போது தேவை இல்லை. அந்தக் காலம் போய் விட்டது.

நான் செய்த தவறு

இதை எழுதும் நானும் தவறு செய்தவன்தான்.

மணிக்கு முன்பு எங்கள் வீட்டில் ஒரு நாய் இருந்தது. பத்து வயதில் பின் கால் இழுக்கத் தொடங்கியது. எனக்கு மூட்டு வலி. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை வீட்டில் இருந்தது. எனக்குக் கேட்கிற மருந்து அதற்கும் கேட்கும் என்று நினைத்து, பாதியாக உடைத்து, வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்தேன். நான்கு நாள் கொடுத்தேன்.

ஐந்தாம் நாள் கருப்பாக வெளியே போனது. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். வயிற்றுக்குள் புண் ஆகி ரத்தம் கசிகிறது என்றார். "என்ன மருந்து கொடுத்தீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. நாய் பிழைக்கவில்லை.

நாயின் உடம்பு வேறு. நம் உடம்பு வேறு. நாய்க்கு 101 முதல் 102½ டிகிரி வரை இயல்பான சூடு. தொட்டுப் பார்த்து விட்டுக் காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பாரசிட்டமால், இபுப்ரோபென், டைக்ளோபினாக் எதையும் கால்நடை டாக்டர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. டைக்ளோபினாக் மாட்டுக்கு வலி நீக்கியது. ஆனால் அந்த மருந்து போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு லட்சக்கணக்கில் மடிந்தன. அதனால்தான் 2006-ம் ஆண்டு கால்நடைகளுக்கு அதைக் கொடுக்க இந்தியாவில் தடை வந்தது. ஒரு உயிருக்கு மருந்து, இன்னொரு உயிருக்கு விஷம்.

உணவிலும் இப்படித்தான். திராட்சை, காய்ந்த திராட்சை, சாக்லேட், வெங்காயம் நாய்க்கு ஆகாது. வேக வைத்த கோழி எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

காசு இல்லாத வைத்தியம்

காசு கேட்காத வைத்தியமும் நிறைய இருக்கிறது.

மொசைக், டைல்ஸ் தரையில் கிழ நாய்க்குக் கால் வழுக்கும். அது எழுந்திருக்கவே பயப்படும். நடக்கிற வழியில் பழைய சாக்கை விரித்தால் போதும். பெங்களூரின் மார்கழி, தைக் குளிரில் மூட்டு பிடித்துக்கொள்ளும். பழைய பருத்திப் புடவையை நான்காக மடித்துப் படுக்கை போடுங்கள். எழுந்திருக்க முடியாத நாயைச் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைத்தால் படுக்கைப் புண் வராது.

சோற்றைக் குழைய வேக வைத்து, உப்பு, காரம் இல்லாமல், கொஞ்சம் முட்டையோ கோழியோ சேர்த்துக் கொடுக்கலாம். சிறுநீரகம் கெட்ட நாய்க்கு மட்டும் எதைக் கொடுக்கலாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தண்ணீர்ச் சட்டி எப்போதும் பக்கத்திலேயே இருக்கட்டும். கண் தெரியாத நாய் இருக்கும் வீட்டில் சாமான்களை இடம் மாற்றாதீர்கள். தொடுவதற்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். தீபாவளிக்கு வெடிச் சத்தத்தில் அதைத் தனியாக விடாதீர்கள்.

கடைசி முடிவு

எல்லாம் செய்தும் ஒரு நாள் வரும். சோறு இறங்காது. தண்ணீர் இறங்காது. வலியில் முனகும். அப்போது என்ன செய்வது?

சிலர் பாவம் என்று பயந்து கண்ணை மூடிக்கொள்கிறார்கள். நாய் நாள் கணக்கில் துடிக்கிறது. சிலர் தொல்லை என்று நினைத்து, பிழைக்கக் கூடிய நாயையும் முடித்து விடச் சொல்கிறார்கள். இரண்டும் தவறு. குணமாக வழி இல்லை, வலியைக் குறைக்கவும் வழி இல்லை என்று டாக்டர் சொன்னால், ஊசி போட்டுத் தூங்க வைப்பது பாவம் அல்ல. அந்த நேரத்தில் வெளியே போய் நிற்காமல், அதன் தலையைத் தொட்டுக்கொண்டு பக்கத்தில் இருக்க வேண்டும். கடைசியாக அதற்குத் தெரிய வேண்டியது நம் கை.

மணிக்கு வந்த பென்ஷன்

மணியின் கதையை முடிக்க வேண்டும்.

நான்காம் நாள் எதிர்வீட்டு அம்மாள் தயிர்ச் சோற்றைக் கையில் உருட்டி ஊட்டினார். தின்றது. மணி படுக்க எங்கள் வீட்டுப் படிக்கட்டுக்குக் கீழே இடம் ஒதுக்கினோம். ஒரு வீட்டில் காலைச் சோறு. ஒரு வீட்டில் இரவுச் சோறு. மூலை வீட்டு டிரைவர் தம்பி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினார். சிறுநீரகம் பாதி கெட்டு விட்டது, கவனித்தால் சில மாதம் இருக்கும் என்றார்கள்.

இரண்டாம் மாதம் திருப்பத்தூரில் இருந்து எனக்குப் போன் வந்தது. வாடகை அட்வான்ஸ் பற்றி ஏதோ பேசினார். பிறகு கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

"அண்ணே, மணி இருக்கா?"

"இருக்குது. படியில படுத்திருக்கு."

மறுபடியும் சத்தம் இல்லை. போனை வைத்து விட்டார். மறுநாள் காலையில் என் போனில் 500 ரூபாய் வந்து விழுந்தது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி மறுபடியும் 500. அதற்கு அடுத்த மாதமும். ஒரு மாதம் கூடத் தவறவில்லை. அவருடைய பென்ஷன் வருகிற தேதி அது.

ஐந்து மாதம் இருந்து, ஒரு அதிகாலையில் மணி தூக்கத்திலேயே போய் விட்டது. அந்தச் செய்தியைச் சொன்னபோது, "நான் கூட்டிக்கிட்டு வந்திருக்கணும் அண்ணே" என்று மட்டும் சொன்னார்.

வாசகர்களே! வேலைக்காக ஊரை விட்டு வந்தவர்கள் நாம். நமக்கும் ஒரு நாள் வயதாகும். வீடு மாறுவோம். ஊருக்குத் திரும்புவோம். லாரி வந்து நிற்கும். அன்றைக்கு உங்கள் வாசலில் ஒரு கிழ நாய் படுத்து இருந்தால், முடிந்தால் அதையும் ஏற்றிக்கொள்ளுங்கள். பாதி வழியில் வாந்தி எடுத்தால் துடைத்து விடலாம். முடியவே முடியாது என்றால், பார்த்துக்கொள்ள ஒரு வீட்டைத் தேடி வைத்து விட்டு, மாதாமாதம் பணம் அனுப்புங்கள்.

பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு படுக்க மட்டும் விட்டு விடாதீர்கள்.